அந்தப் பக்கத்துப் பிளேட்டு

ஆம்பூரில் என் வீட்டுக்காரரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "ராஜகோபாலா? கணக்குத் தப்பிப் போயி ஒருத்தன் கைய எடுத்தாரே, அவரு தானே?" ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியும். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இனிமேல் முடியாது. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது சொல்லித் தொலைக்காவிட்டால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அவருடைய கணக்கு தப்பவே இல்லை.

அவருக்குச் சொந்த ஊர் குடியாத்தம். கைத்தறிக் குடும்பம். அப்பா, சித்தப்பா, அண்ணன்கள் எல்லோரும் லுங்கி நெய்கிறவர்கள். இவர் ஒருவருக்குத்தான் தறிக்குழியில் கால் நிற்காது. நெய்யச் சொன்னால் தறியின் எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். உருப்படாது என்று தலைமுழுகி, வேலூரில் ஒரு தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே டிராயிங் படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலைக்கு வந்தார். தோல் பதனிடும் டேனரிகளுக்குத் தோல் சுற்றும் மர ட்ரம், ஷாப்டு, சங்கிலிக் கப்பி எல்லாம் செய்து கொடுக்கும் பட்டறை அது.

அந்தப் பட்டறையில் தலைமைப் பிட்டராக இருந்தவன் நந்தகோபால். என் கூடப்பிறந்த அண்ணன். நாங்கள் மாதனூர். இப்படி ஒரு பையன் இருக்கிறான், பீடி இல்லை, சீட்டு இல்லை, தலை நிமிர்ந்து பொம்பளையைப் பார்க்க மாட்டான் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லி, எனக்கு அவரைக் கட்டிவைத்ததே அண்ணன்தான். கல்யாணத்தன்று பந்தலில் நின்றுகொண்டு, "மாப்ள மூளை, நான் கையி. ரெண்டு பேரும் சேந்தா இந்த ஜில்லாவுல எவனும் கிட்ட வர முடியாது" என்று மார்தட்டினான். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். எங்கே போய் முட்டிக்கொள்ள!

எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். புதிதாக ஏதாவது வேலை வந்தால் அவர் முதலில் சின்னதாக ஒன்று செய்து பார்ப்பார். மூங்கில் பிளாச்சு ஒன்றைச் சீவி, ஒரு முனையை அம்மிக்கல்லுக்கு அடியில் சொருகி, மறுமுனையில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். பிளாச்சு முழுக்கச் சாக்பீஸால் துண்டு துண்டாகக் கோடு போட்டிருப்பார். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளைகிறது என்று தனித்தனியாகப் பார்த்து, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். அம்மி எனக்கு வேண்டியிருக்கும் நேரத்தில்தான் அவருக்கும் வேண்டியிருக்கும். "மொளகா அரைக்கணும், எட்த்துக்கினு போங்க உங்க குச்சிய" என்பேன். அப்போது என் கையையே பிடிமானமாகக் கேட்பார். நான் இரண்டு கையாலும் பிளாச்சை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

"ஏய் பூங்காவனம், அசையாத. நீ அசைஞ்சின்னா கணக்கு பொய் சொல்லும்."

"நான் இன்னா கல்லா?"

"அதான் விஷயமே. கல்லுன்னு நெனச்சி கணக்கு போட்டுட்டு, அங்க கல்லு இல்லாம போனா?"

எனக்குப் படிப்பு வாசனை கிடையாது. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று மட்டும் மண்டையில் ஏறிவிட்டது. எடை எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். அது எதில் பிடித்திருக்கிறது, எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தாங்குவது இரும்பில் பாதி, பிடிமானத்தில் பாதி. பிடிமானம் அரைக்கால் விரற்கடை நகர்ந்தால்கூட முழுக்கணக்கும் வேறாகிவிடும். இதைத்தான் சோறு தின்னும்போதும் சொல்லுவார், கொசு கடிக்கும்போதும் சொல்லுவார்.

லியாகத் அலி சாயபுவின் டேனரியில் அந்த வேலை வந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை ஆட்கள் இடுப்பளவு குனிந்து கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊறின தோல் என்றால் பிணக்கனம் கனக்கும். சுவரில் ஒரு இரும்புப் பிராக்கெட்டை நீட்டமாகப் பொருத்தி, அதன் நுனியில் சங்கிலிக் கப்பி மாட்டினால் தோல் கட்டைச் சுலபமாகத் தூக்கலாம். இதுதான் வேலை.

இவர் போய்ப் பார்த்தார். சுவரைச் சாவியால் சுரண்டினால் சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்கிறது. எத்தனையோ வருஷமாகத் தோல் உப்பும் தொட்டித் தண்ணீரும் குடித்த சுவர். இதில் போல்ட்டை முடுக்கி நிறுத்தினால் நிற்காது என்று அங்கேயே சொல்லிவிட்டார். போல்ட்டு சுவரை ஊடுருவி அந்தப் பக்கம் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் கதவுப் பலகை அகலத்துக்கு ஒரு இரும்புப் பிளேட்டு வைத்து, போல்ட்டுகளை அதில் முடுக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கும் பாரத்தை மொத்தச் சுவரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் அங்கேதான் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் டேனரி. அந்தப் பக்கம் சாயபு வீட்டுப் பெண்கள் புழங்கும் முற்றம். வேற்று ஆம்பிளை நிழல்கூட அங்கே விழாது. சாயபு நல்ல மனுஷர். யோசித்துச் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கெழம வாணியம்பாடில ஷாதி. ஊட்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் கௌம்பிடுவாங்க. அன்னிக்கு ஒரு நாளு பக்கத்து வாசல் தெறந்து வுடறேன். முடிச்சிக்கோங்க. அப்பறம் கேக்காதீங்க, எனக்குப் பேஜார்."

பட்டறையில் படம் எல்லாம் காகிதத்தில் போடுகிற வழக்கம் கிடையாது. தரையிலேயே சாக்பீஸால் நிஜ அளவுக்கு வரைந்து, அதன்மேல் இரும்பை வைத்து வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் கூட்டித் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் பிராக்கெட்டையும், நீள போல்ட்டுகளையும், அந்தப் பக்கத்துப் பிளேட்டையும் வரைந்தார். அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினான்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி இவரை வேறு ஒரு ட்ரம்முக்கு அளவெடுக்க ராணிப்பேட்டைக்கு அனுப்பிவிட்டார். இவர் தயங்கினார். அண்ணன்தான், "நீ போ மாப்ள. இத்தினி வருஷமா நான் பண்ணாத வேலையா? இன்னா, கொழந்தயா நானு?" என்று தோளில் தட்டி அனுப்பினான்.

மறுநாள் இவர் கேட்டார். நான் அப்போது இரண்டு பேருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் காதால் கேட்டது.

"அந்தப் பக்கம் பிளேட்டு சரியா உக்காந்துச்சா மச்சான்?"

"உக்காந்துச்சி. பொம்பளைங்க பொழங்குற எடம், இரும்பு தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு மேல சுண்ணாம்பு பூசிட்டேன். சாயபுக்கும் சொல்லிட்டேன்."

மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். சின்ன வயசில் வெல்லம் திருடித் தின்றுவிட்டு அம்மா முன்னால் நிற்கும்போதும் அவன் இப்படித்தான் மூக்கைத் தேய்ப்பான். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அண்ணனாயிற்றே, யார்தான் சந்தேகப்படுவார்கள்? இவரும் போய்ப் பார்க்க முடியாது. வாணியம்பாடிக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், பக்கத்து வாசலைப் பூட்டியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்தை அண்ணன் வாயை நம்பித்தான் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பிராக்கெட்டு கோடை முழுக்க நின்றது. ஆட்கள் இவரைப் பார்த்தால் கும்பிட்டார்கள். குறிப்பாகக் கோவிந்தசாமி. தொட்டியில் இறங்கித் தோலை வாரிக் கட்டுகிறவன் அவன். "சார், இடுப்பு வலி போயே போச்சி. உங்க புண்ணியம்" என்று சந்தையில் பார்க்கும்போதெல்லாம் என்னிடமும் சொல்லுவான். எனக்கு ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவர் ஊறிப்போயிருந்த ஒரு காலையில், தோல் கட்டு பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது பிராக்கெட்டு காரையோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. கீழே நின்ற கோவிந்தசாமியின் வலது கை தொட்டியின் விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சாயபு அப்போது தோல் வியாபாரமாக மெட்ராஸ் போயிருந்தார். பட்டறையிலிருந்து முதலில் ஓடினவன் என் அண்ணன். பிராக்கெட்டையும் அதில் ஒட்டியிருந்த போல்ட்டுகளையும் வண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பினான். சுவர் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும் என்று சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்துவிட்டான். இவர் போய்ச் சேர்ந்தபோது அடைக்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஓட்டை. அதற்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருக்கிறார். பாதிச் சுவரில் செங்கல் முட்டியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கூடத்தில் உட்கார்ந்து, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சுவருக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

"போல்ட்டு அந்தப் பக்கம் போவவே இல்ல பூங்காவனம். பாதியில அறுத்து சிமிட்டி வச்சி சொருகியிருக்கான். பிளேட்டே கெடையாது."

விடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் வாய் கொப்பளிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்க? பிளேட்டு போடலயாமே?"

"யாரு சொன்னா? போட்டேன். போல்ட்டு ஒடஞ்சி போச்சி. உம் புருஷன் கணக்குல தடிமன் கம்மி. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பது என்பார்களே, கண்ணால் பார்த்தேன். "உன் தங்கச்சி தாலிமேல சத்தியம் பண்ணு" என்றேன். மூக்கைத் தேய்த்தான். "காலங்காத்தால தாலி கீலின்னு பேசாத, வீட்டுக்குப் போ" என்றான்.

பட்டறையில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். முதலாளி தலையைச் சொறிந்தார். சாயபு மெட்ராஸிலிருந்து வந்ததும் எல்லோரையும் வைத்து விசாரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். கோவிந்தசாமியின் சொந்தக்காரர்கள் போலீசுக்குப் போகப் போவதாக நின்றார்கள். பெரியவர்கள் சிலர் அவர்களைப் பிடித்து நிறுத்தி ஒரு முடிவு சொல்லியிருந்தார்கள். கணக்கில் பிசகு என்றால் அது மனுஷத் தப்பு, போட்டவனுக்கு வேலை போகும், அதோடு சரி. வேண்டுமென்றே போல்ட்டை அறுத்து ஏமாற்றியது என்றால் கேஸ், ஜெயில். என் வீட்டுக்காரருக்கு வேலையைவிடப் பெரிது அவருடைய கணக்கு. அது தப்பு என்று ஊர் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதைத்தான் வரைவார், யார்தான் நம்பிப் பொருத்துவார்கள்?

இரண்டு பேர் வாய்ச்சொல்தான் இருக்கிறது. அடைத்த சுவர் பேசாது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த முற்றத்துக்குள் ஆம்பிளைதானே போகக்கூடாது? நான் யாராம்?

முக்காடு போட்டுக்கொண்டு சாயபு வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். படுதாவை விலக்கி உள்ளே கூப்பிட்டவர் சாயபுவின் அம்மா, அன்வரி பேகம். கால் வீங்கிய மனுஷி. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலே அவருக்கு வாசஸ்தலம். நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. பூசினதா, பூசாததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கையால் தடவிப் பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அரே பேட்டி, ஏன் மவளே அழுவுற? யாரு நீ?"

சொன்னேன். பிளேட்டு, வெள்ளிக்கிழமை, வாணியம்பாடிக் கல்யாணம், எல்லாம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்த ஷாதிக்கு நான் போவலயே. எனக்கு இந்தக் காலு. எல்லாரும் போய்ட்டாங்க, நான் மட்டும் இங்கதான் கெடந்தேன். ஆளுங்க வருவாங்கன்னு மவன் சொன்னானே, அதுக்காவ காலைலேர்ந்து துப்பட்டா இழுத்துப் போத்திக்கினு, அந்தச் சமையல் ரூம்புலயே அடைஞ்சி கெடந்தேன். புழுங்கிச் செத்தேன். பொழுது சாஞ்சி மக்ரிப் பாங்கு சொல்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா வரல."

நான் கட்டிலோரம் நெருங்கினேன். "இத ஏன்மா நீங்க யாரு கிட்டயும் சொல்லல?"

"யாரு வந்து கேட்டாங்க?" என்றார்.

மகன் வந்ததும் அவன் முன்னாலேயே சொல்கிறேன் என்று என் தலையில் கைவைத்தார். குடிக்கச் சாயா கொடுத்தார். நான் வீட்டுக்கு நடந்தேனா, பறந்தேனா, தெரியாது. உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்று மனசு கொக்கரித்தது. அவன் என் அண்ணனாக இருந்தால் என்ன? கோவிந்தசாமி கையும் கைதானே, என் புருஷன் மானமும் மானம்தானே?

வீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மாதனூரிலிருந்து வந்திருக்கிறாள். கண் இரண்டும் கோவைப்பழம். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது? வாசற்படி தாண்டினதும் தாண்டாததுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்வரி பேகம் சொன்னதை அப்படியே நடித்துக்கூடக் காட்டினேன். அம்மா எழுந்து, "நான் போயி சோறு வடிக்கறேன்" என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். இவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாங்க, காதுல வுழுந்துச்சா? நம்ம ஜெயிச்சிட்டோம்."

"சரி. நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயபு வந்து இறங்கியதும் டேனரி முற்றத்தில் விசாரணை நடந்தது. சாயபு நாற்காலியில், பட்டறை முதலாளி பக்கத்தில். கோவிந்தசாமியும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டோடு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கும் டேனரிக்கும் நடுவில் இருந்த கதவில் படுதா தொங்கியது. அதற்குப் பின்னால் அன்வரி பேகம். நான் படுதா ஓரத்தில் நின்றேன். அண்ணன் முகம் செத்துக் கிடந்தது.

அன்வரி பேகம் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வரவில்லை, என் வீட்டுச் சுவரில் யாரும் கை வைக்கவில்லை என்று கணீரென்று சொன்னார். கூட்டம் சலசலத்தது. கோவிந்தசாமியின் தம்பி எழுந்து அண்ணனை முறைத்தான். சாயபுவுக்கு அம்மா வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. "அப்ப பிளேட்டு இல்ல. இன்னா நந்தகோபால்? இன்னா சொல்ற?" என்றார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"அவரு மேல தப்பில்லைங்க. பிளேட்டு வேணாம்னு நான்தான் சொன்னேன். அது இல்லாமயே நிக்கும்னு கணக்கு வந்துச்சி. போல்ட்ட பாதியில நிறுத்துங்கன்னதும் நான்தான். எங்கணக்கு தப்பு."

"இல்ல! பொய்யி! பிளேட்டு உக்காந்துச்சான்னு இவரு கேட்டாரு, நான் காப்பி ஊத்திக்கினு இருந்தேன்!" என்று கத்தினேன். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை. சாயபுவைப் பார்த்துச் சொன்னார்.

"அவளுக்கு வேலயப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ராத்திரியும் பகலும் அவருடைய குச்சியைப் பிடித்துப் பிடித்துக் காப்புக் காய்த்த கை என்னுடையது. எனக்கு ஒன்றும் தெரியாதாம்!

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கேட்டேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது, நீ வா போ என்றுதான் கேட்டேன்.

"யாருக்காக சொன்ன? சொல்லு."

"உங்கம்மா நேத்து வந்து எங்கால்ல வுழுந்துட்டாங்க. மாமியாரு காலுல வுழறத நான் எப்டிப் பாத்துக்கினு இருக்கறது? எனக்கு வேல போனா இன்னொண்ணு தேடிக்குவேன். மச்சான் ஜெயிலுக்குப் போய்ட்டா அந்தப் புள்ளைங்க கதி?"

"அன்னிக்கு அவன் எங்க போனானாம்?"

"அரக்கோணத்துல ஒரு அரிசி மில்லுல தனியா ஒரு வேல ஒத்துக்கினு இருந்தாராம். வெள்ளிக்கெழம போயிட்டாரு. அப்பறம் சாயபு கிட்ட மறுபடியும் கதவத் தெறக்கச் சொல்லிக் கேக்க பயந்து, ராத்திரியே வந்து டேனரிப் பக்கத்துலேர்ந்து போல்ட்ட அறுத்து சொருகிட்டாராம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் அந்தம்மாகிட்ட போயி அழுது, கெஞ்சி, கூட்டியாந்தனே. வந்து சொன்னப்பகூட வாயத் தெறக்கலயே நீ?"

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கினு இருக்க மாட்ட."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்! ஒத்துக்கொள்ள மாட்டேன்தான். அதனால் என்னை விட்டுவிட்டு அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து முடித்துக்கொண்டார்கள். நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் அண்ணன். அவனைத் திருடன் என்று திட்டிவிட்டுப் போகலாம். பெற்றவளை, பிள்ளைப் பாசம் என்று தள்ளிவிடலாம். இந்த மனுஷனை என்ன செய்வது? நல்லது செய்கிறேன் என்று என்னை நடுமுற்றத்தில் பொய்க்காரியாக நிறுத்திவிட்டாரே. எங்கள் அம்மாவோடு நான் அதற்கப்புறம் பேசவே இல்லை. அவள் செத்தபோது போய் அழுதேன், அவ்வளவுதான்.

வேலை போயிற்று. கேஸ் வரவில்லை. இன்னொரு வேலை தேடிக்கொள்வேன் என்றாரே, எந்தப் பட்டறையிலும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் குடியாத்தத்துக்கே வந்தோம். எந்தத் தறிக்குழியில் கால் நிற்காது என்று ஓடினாரோ அதிலேயே இறங்கி லுங்கி நெய்தார். அப்புறம் அம்மிக்கல் எனக்கு மட்டுமே என்று ஆகிவிட்டது. அண்ணன் ஆம்பூர்ப் பட்டறையிலேயே போர்மேன் ஆனான். கல்யாணம் காட்சியில் பார்க்கிறபோது, "எங்க மாப்ள தங்கமான மனுஷன். கணக்குதான் கொஞ்சம் வராது" என்று நாலு பேர் முன்னால் சொல்லுவான். மூக்கைத் தேய்ப்பதைக்கூட விட்டுவிட்டான். அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். சட்டையின் வலது கை மடித்து ஊசி குத்தியிருந்தது. கோவிந்தசாமி. சாயபு அவனை டேனரி வாசலில் வாட்ச்மேனாக வைத்திருந்தார். குடியாத்தத்தில் ஒரு காது குத்துக்கு வந்தவன், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்தேன். இவர் தறியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"சண்ட போட வரல சார். ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. நீங்க கணக்கு போட்டப்ப, கீழ ஒரு மனுஷன் நிப்பான்னு நெனச்சீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. நெனச்சி நெனச்சி தூக்கம் வரமாட்டேன்து."

இவர் தரையைப் பார்த்தார். "நெனச்சிருக்கணும் கோவிந்தசாமி" என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். "பொய்யி! உங்கள நெனச்சிதான் பிளேட்டு போடணும்னு சொன்னாரு. போடாதவன் எங்கண்ணன். அரக்கோணத்துக்கு வேற வேலைக்குப் போய்ட்டான். எங்கம்மா வந்து கால்ல வுழுந்ததுனால இவரு பழிய ஏத்துக்கினாரு. இது சத்தியம்யா. எங்க கொலதெய்வத்து மேல ஆணையா சத்தியம்" என்றேன்.

கோவிந்தசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு இரக்கம் வந்தது. மிச்சமிருந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"நீங்க குடுத்து வச்சவரு சார்" என்று இவரிடம் சொன்னான். "கையி போச்சின்னதும் எம் பொஞ்சாதி அவ அம்மா ஊட்டுக்குப் போனவதான், திரும்பல. உங்க சம்சாரம் பாருங்க, உங்களக் காப்பாத்த கூடப் பொறந்தவன் மேலயே பழி போடுது. தப்பில்லம்மா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"சொல்லுங்க" என்றேன் இவரிடம். "இப்பவாவது வாயத் தெறந்து சொல்லுங்க."

இவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பஸ்சுக்கு நேரம் ஆய்டுச்சி கோவிந்தசாமி. வாங்க, நான் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன்" என்றார்.